அப்பா ஒரு மாநிலம், அம்மா ஒரு மாநிலம்: கஸ்டடி வழக்கை எங்கே போடுவது, உத்தரவில் என்ன எழுதி வாங்குவது

காட்பாடியைத் தாண்டி வடக்கே போனால் கிறிஸ்டியான்பேட்டை. அந்தச் சோதனைச் சாவடிக்கு அப்பால் ஆந்திரா. சித்தூருக்குப் பஸ்ஸில் போய் வேலையை முடித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஆனால் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று வழக்கு, அதாவது கஸ்டடி வழக்கு, வந்துவிட்டால் அந்தச் சாவடி பெரிய மலையாகிவிடும். கடலூரில் போட்ட வழக்கை வேலூருக்கு மாற்ற சென்னை உயர் நீதிமன்றம் போதும். சித்தூரில் போட்ட வழக்கை வேலூருக்கு மாற்ற டெல்லியில் உச்ச நீதிமன்றத்தைத்தான் கேட்க வேண்டும். பெங்களூருக்கும் இதே கணக்குதான்.

இந்த மாதிரி வழக்குகளில் ஜனங்கள் அதிகம் அடிபடுவது இரண்டு இடத்தில். ஒன்று, அவசரத்தில் தவறான ஊரில் மனு போடுவது. இன்னொன்று, "மாதம் இரண்டு முறை பார்க்கலாம்" என்று மொட்டையாக ஒரு உத்தரவை வாங்கிக்கொண்டு வந்து, பிறகு ஒவ்வொரு மாதமும் சண்டை போடுவது. அதனால் அந்த இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதல் பத்து நாள்

குழந்தையை மற்றவர் வேறு மாநிலத்துக்குக் கூட்டிப்போய்விட்டார், திருப்பி அனுப்ப மாட்டேன் என்கிறார். உடனே நாலு சொந்தக்காரர்களோடு வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையைத் தூக்கி வரலாம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அன்றைக்கே இடம் மாறிவிடும். அடிதடி என்று அந்த ஊர் போலீசில் புகார் பதிவாகும். வருடக்கணக்கில் அந்த ஒரு நாள் சம்பவத்தையே எதிர்த்தரப்பு வக்கீல் கோர்ட்டில் படித்துக் காட்டுவார்.

உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போனால், "பெத்தவங்கதானே கூட்டிட்டுப் போயிருக்காங்க, இது சிவில் விவகாரம், கோர்ட்டைப் பாருங்க" என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். பெற்றவரே அழைத்துப்போனால் அதைக் கடத்தல் வழக்காக எடுப்பது அபூர்வம். ஆனாலும் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் வந்தது என்பதற்கு ஸ்டேஷன் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். என்ன தேதியில் பிள்ளை இந்த ஊரை விட்டுப் போனது, நீங்கள் சம்மதிக்கவில்லை என்ற இரண்டுக்கும் பிற்பாடு அந்தக் காகிதம்தான் சாட்சி. குழந்தைக்கு அடி, பட்டினி, குடிகாரர் கையில் சிக்கியிருப்பது போன்ற ஆபத்து இருந்தால் நிலைமை வேறு. குழந்தைகள் உதவி எண் 1098, அவசர எண் 112 இரண்டும் எந்த மாநிலத்திலிருந்தும் வேலை செய்யும்.

அடுத்து, எதிர்த்தரப்பு ஏற்கெனவே வழக்குப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் தேர்ந்தெடுத்துக் கட்சிக்காரர் பெயரால் தேடலாம். பெங்களூரு நகரம், பெங்களூரு ஊரகம், சித்தூர் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மூன்று நான்கு விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். வழக்கு கிடைத்தால் அந்த வழக்கின் அடையாளமான 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், இனி வாய்தா விவரம் எல்லாம் அதை வைத்துத்தான். வழக்கு இன்னும் வரவில்லை, ஆனால் வரும் என்று தோன்றினால், சிவில் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவில் கேவியட் (முன்னெச்சரிக்கை மனு) போட்டுவிடலாம். எதிர்த்தரப்புக்குப் பதிவுத் தபாலில் நகல் அனுப்ப வேண்டும். 90 நாள் செல்லும், பிறகு புதிதாகப் போட வேண்டும். உங்களைக் கேட்காமல் ஒருதலைப்பட்சமாக இடைக்கால உத்தரவு போவதைத் தடுக்க இதைவிட மலிவான வழி இல்லை.

அதே வாரத்தில் காகிதங்களைச் சேகரியுங்கள். குழந்தை இதுவரை எந்த ஊரில் வாழ்ந்தது என்பதைக் காட்டுகிற எல்லாமே வேண்டும்: பிறப்புச் சான்று, பள்ளிச் சேர்க்கை, வருகைப் பதிவு, கட்டண ரசீது, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை தரும் மாணவர் எண்), தடுப்பூசி அட்டை, சி.எம்.சி.யோ வேறு ஆஸ்பத்திரியோ கொடுத்த நோயாளி அட்டை, ஆதார் முகவரி, வாடகை ஒப்பந்தம், டியூஷன், கராத்தே வகுப்பு ரசீது. பள்ளித் தலைமையாசிரியரிடம் கடிதம் கேட்டால் சிலர் தயங்குவார்கள். "இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை இந்தப் பள்ளியில் படித்தார்" என்ற ஒரு வரி போதும் என்று சொல்லிக் கேளுங்கள். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று அவர் எழுத வேண்டியதில்லை, எழுதவும் மாட்டார்.

எந்தக் கோர்ட்

இதில்தான் பலருக்கும் குழப்பம். நான்கு வழி உண்டு, நான்குக்கும் ஊர் எல்லை வெவ்வேறு.

முதலாவது, 1890ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம். வக்கீல்கள் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று சொல்வது இதில் போடும் மனுவைத்தான். 9ஆவது பிரிவின்படி, குழந்தை "சாதாரணமாக வசிக்கும்" இடத்தில் அதிகாரமுள்ள கோர்ட்டில்தான் போட வேண்டும். குழந்தை இன்றைக்கு எங்கே தூங்குகிறது என்பது அதற்கு அர்த்தமல்ல. ஐந்து வருடம் குடியாத்தத்தில் வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளையைப் போன மாதம் மாரத்தஹள்ளிக்குக் கூட்டிப்போனால், அந்த ஒரு மாதத்தை வைத்துப் பெங்களூரு குழந்தையின் ஊராகிவிடாது. ஆனால் ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டு, பிள்ளை அங்கே புதுப் பள்ளியில் அடுத்த வகுப்புக்கும் போன பிறகு வேலூரில் மனு போட்டால் நிலைமை தலைகீழ். வசிப்பிடம் எது என்பது சட்டமும் உண்மை விவரமும் கலந்த கேள்வி என்று ருச்சி மஜூ வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதாவது ஆதாரம் காட்டித்தான் நிரூபிக்க வேண்டும். தாமதம் செய்கிறவர் தன் கையாலேயே எதிர்த்தரப்புக்கு ஆதாரம் தயாரித்துக் கொடுக்கிறார்.

இரண்டாவது வழி, விவாகரத்து, சேர்ந்து வாழக் கோருதல் போன்ற திருமண வழக்கு நடக்கிற இடத்திலேயே கஸ்டடி மனுவும் போடுவது. இந்துக்களுக்குத் திருமணச் சட்டம் 26ஆவது பிரிவு, கிறிஸ்தவர்களுக்கு 1869 விவாகரத்துச் சட்டம் 41 முதலான பிரிவுகள், சிறப்புத் திருமணச் சட்டத்தில் கட்டியவர்களுக்கு 38. இங்கே குழந்தையின் ஊர் முக்கியமல்ல, திருமண வழக்குக்கு எந்த ஊர் பொருந்துகிறதோ அதுதான். இந்துத் திருமணச் சட்டத்தில் கல்யாணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி மனுதாரராக இருந்தால் அவர் இப்போது வசிக்கும் ஊர் ஆகியவற்றில் எதிலும் போடலாம். கடைசியாகச் சொன்னது 2003இல் வந்த திருத்தம். பெங்களூரில் குடித்தனம் செய்து அம்மா வீட்டுக்கு விரிஞ்சிபுரம் வந்துவிட்ட பெண் வேலூரில் வழக்குப் போட முடிவது அதனால்தான். பிள்ளை பெங்களூரிலேயே அப்பாவிடம் இருந்தாலும் அந்த வழக்குக்குள் 26ஆவது பிரிவு மனு போடலாம். ஆனால் திருமண வழக்கே போட விருப்பமில்லாமல், கஸ்டடிக்காக மட்டும் ஒரு விவாகரத்து மனுவைத் தயாரிப்பது வேண்டாத வேலை. பின்னால் சேர்ந்து வாழ நினைத்தாலும் அந்த மனுவில் எழுதிய வார்த்தைகள் நடுவில் நிற்கும்.

மூன்றாவது, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். பெண்களுக்கு மட்டும். தற்காலிகமாக வசிக்கும் ஊரில்கூட மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போடலாம். 21ஆவது பிரிவில் தற்காலிக கஸ்டடி கேட்கலாம். இதில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு லாபம் உண்டு. 27ஆவது பிரிவின்படி இந்த உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். அப்பா குழந்தையைப் பார்ப்பதே ஆபத்து என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றினால் சந்திப்பை மறுக்கவும் அதிகாரம் உண்டு. வன்முறை இல்லாத இடத்தில் இதைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தினால் குறுக்கு விசாரணையில் மற்ற வழக்கும் சேர்ந்து சரியும்.

நான்காவது, உயர் நீதிமன்றத்தில் ஆள்கொணர்வு மனு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் சென்னை முதன்மை அமர்வின் கீழ் வருபவை. 2019இல் தேஜஸ்வினி கௌட் வழக்கில், கஸ்டடிக்காகவும் இந்த மனு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே தாய் இறந்த பிறகு குழந்தை தாயின் சொந்தங்களிடம் இருந்தது, கேட்டவர் தந்தை. சட்டப்படி உரிமை இல்லாதவர் கையில் பிள்ளை இருக்கும்போது இது வேகமான வழி. அப்பாவும் அம்மாவும் இருவருமே உயிரோடு இருந்து, விவரமாகச் சாட்சி விசாரிக்க வேண்டிய நிலை என்றால் "குடும்ப நலக் கோர்ட்டுக்குப் போங்கள்" என்று திருப்பி விடுவார்கள். குழந்தை இப்போது கர்நாடகத்தில் இருந்தால், நடைமுறையில் அந்த மாநில உயர் நீதிமன்றமே சீக்கிரம் போலீசை அனுப்பும்.

வேலூரில் குடும்ப நல நீதிமன்றம் சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில். குடும்ப நல நீதிமன்றம் இல்லாத இடங்களில் மாவட்ட நீதிமன்றம் இந்த மனுக்களைப் பார்க்கும். வடாற்காடு என்று இன்னும் பேச்சில் சொன்னாலும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை தனித்தனி மாவட்டங்கள். ஆம்பூரோ ஆற்காடோ இன்று வேலூர் மாவட்டம் இல்லை. முகவரியை வைத்து எந்தக் கோர்ட் எல்லை என்று மனு போடும் முன் உறுதி செய்யுங்கள். எல்லை தவறினால் மனு பல மாதம் கழித்துத் திரும்பி வரும். அதற்குள் மேலே சொன்ன "புதுப் பள்ளி, அடுத்த வகுப்பு" நடந்துவிடும்.

மனு

கார்டியன் சட்டத்தில் பெற்றோர் போடும்போது 25ஆவது பிரிவில் கஸ்டடி கேட்பார்கள், கூடவே 12ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவுக்கு ஒரு ஐ.ஏ., அதாவது இடைக்கால மனு. இந்த ஐ.ஏ.தான் முதல் வருடத்தின் உயிர். அதில் மூன்று தனித்தனிக் கோரிக்கை வையுங்கள்: குழந்தையைக் கோர்ட்டில் காட்ட உத்தரவு, வழக்கு முடியும் வரை சந்திப்பும் வீடியோ அழைப்பும், அனுமதி இல்லாமல் வேறு மாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ கூட்டிப்போகத் தடை. கடைசியை விட்டுவிடாதீர்கள். குழந்தையை எல்லை தாண்டிக் கூட்டிப்போகக் கூடாது என்று சட்டத்தின் 26ஆவது பிரிவு சொல்வது கோர்ட் நியமித்த காப்பாளரை மட்டும்தான். பெற்றோரைக் கட்ட உத்தரவிலேயே தனி வரி வேண்டும்.

வேறு எந்தக் கோர்ட்டில் என்ன வழக்கு இருந்தது, என்ன ஆனது என்று மனுவிலேயே சொல்ல வேண்டும் என்று 10ஆவது பிரிவு கேட்கிறது. சித்தூரில் ஏற்கெனவே ஒரு மனு தள்ளுபடியானதை மறைத்தால் அது வெளியே வரும் நாளில் உங்கள் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும்.

யாருக்குச் சம்பளம் அதிகம் என்று பக்கம் பக்கமாக எழுதுவது வீண். 1956 இந்துச் சிறார் சட்டம் 13ஆவது பிரிவாகட்டும், கார்டியன் சட்டம் 17ஆகட்டும், பார்ப்பது குழந்தையின் நலனைத்தான். ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பது 1956 சட்டத்தின் 6ஆவது பிரிவு. ஹனஃபி முஸ்லிம்களுக்குள் மகனுக்கு ஏழு வயது வரை, மகளுக்குப் பருவம் அடையும் வரை தாய்க்கு என்ற மரபு உண்டு. ஆனால் கோர்ட்டில் அதுவும் நலனுக்குப் பிறகுதான். எழுத வேண்டியது இது: காலையில் யார் எழுப்பிக் கிளப்புவது, நீங்கள் வேலைக்குப் போனால் பகலில் யார் பார்ப்பது, பள்ளி எவ்வளவு தூரம், ஆஸ்துமாவோ வலிப்போ இருந்தால் மருந்து எங்கே வாங்குவது. தாத்தா பாட்டி பார்ப்பார்கள் என்றால் அவர்கள் வயது, உடல்நிலை எல்லாம் கேட்பார்கள்.

நீதிபதி குழந்தையைத் தன் அறையில் தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம். சொல்லிக் கொடுத்து அனுப்பாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளை "எனக்கு மன உளைச்சல்" என்று சொன்னால் யார் வார்த்தை அது என்று அவருக்குத் தெரியாதா?

நோட்டீஸில்தான் மாதங்கள் கரையும். வெளிமாநில முகவரிக்கு "கதவு பூட்டியிருந்தது" என்று திரும்பி வரும், பேட்டா (நோட்டீஸ் கட்டணம்) மறுபடி கட்டு, மறுபடி வாய்தா. மனுவிலேயே வீட்டு முகவரி, அலுவலக முகவரி, மாமனார் வீட்டு முகவரி மூன்றும் கொடுத்துவிடுங்கள். பதிவுத் தபாலோடு சேர்த்து வாட்ஸப், மின்னஞ்சல் வழியாகவும் அனுப்ப அனுமதி கேளுங்கள். வேண்டுமென்றே வாங்காமல் தவிர்க்கிறார் என்று காட்ட முடிந்தால், அந்த ஊர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கும் மாற்று சார்வு உண்டு. கன்னடப் பேப்பர் வேண்டிய இடத்தில் தமிழ்ப் பேப்பரில் போட்டால் பின்னால் "எனக்குத் தெரியவே தெரியாது" என்பதற்கு இடம் கொடுத்ததாகும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால்: பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவிக்குத் தகுதி உள்ளவர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். எண் 15100. வெளிமாநிலத்தில் உங்கள் மேல் வழக்கு என்றால் அந்த மாவட்ட ஆணைக்குழுவிலும், டெல்லிக்குப் போக வேண்டியிருந்தால் உச்ச நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவிலும் இதே உரிமை.

டெல்லி வழி

இரண்டு மாநிலத்திலும் வழக்கு நடந்தால், ஒன்றை மாற்ற சிவில் நடைமுறைச் சட்டம் 25ஆவது பிரிவில் உச்ச நீதிமன்றத்தில் இடமாற்ற மனு. தூரம், கைக்குழந்தை, வயதான பெற்றோர், வருமானமின்மை, அந்த ஊரில் மிரட்டல், அங்கே மொழி தெரியாதது ஆகியவை செல்லும் காரணங்கள். மனைவியின் வசதிக்குக் கோர்ட் கூடுதல் எடை கொடுத்து வந்திருக்கிறது. அதற்காக எல்லா மனுவும் தானாக வெல்லாது. சித்தூருக்கும் வேலூருக்கும் இடையே உள்ள தூரத்தை மட்டும் காரணமாகச் சொன்னால், "இது ஒரு தூரமா" என்று கேட்பார்கள். சரியான காரணத்தை முதலில் எழுதுங்கள்.

மாற்றம் வேண்டாம், வாய்தாவுக்கு வாய்தா அலைய மட்டும் முடியாது என்றால் காணொலி விசாரணை கேட்கலாம். சமரச முயற்சி தோற்ற பிறகு, இருதரப்பும் ஒப்புக்கொண்டால் காணொலி என்று 2017இல் சாந்தினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொரோனாவுக்குப் பிறகு கோர்ட்டுகள் தாராளமாகிவிட்டன. சமரசம், குழந்தையைக் காட்டும் நாள், சாட்சி சொல்லும் நாள் நேரில், மற்ற வாய்தாக்கள் காணொலியில் என்று பிரித்துக் கேட்டால் கிடைப்பது எளிது.

பேசித் தீர்ப்பது

குடும்ப நலக் கோர்ட் முதலில் சமரசத்துக்கு அனுப்பும். 1984 குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 9ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சமரச மையத்தில் சொன்னதை வெளியே வழக்கில் பயன்படுத்த முடியாது என்பதால் மனம் விட்டுப் பேசலாம்.

ஊர்ப் பெரியவர்கள், சாதிச் சங்கம், ஜமாத் என்று பேசி முடித்துப் பத்திரத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது நம் பக்கம் வழக்கம். அதைக் கோர்ட் உத்தரவாக யாரும் நிறைவேற்ற முடியாது. பெங்களூரு போலீஸ் ஸ்டேஷனில் அந்தத் தாளை நீட்டினால் மதிப்பில்லை. பேசி முடித்தது நல்லதுதான், ஆனால் அதே வாசகத்தைக் கோர்ட்டில் சமரச மனுவாகப் பதிந்து உத்தரவாக்குங்கள், அல்லது லோக் அதாலத்தில் பதியுங்கள். லோக் அதாலத் தீர்ப்பு சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம், கட்டணமும் கிடையாது.

உத்தரவில் இருக்க வேண்டியது

ஒரே ஊர்க்காரர்களுக்குப் போதுமான உத்தரவு, இரண்டு மாநிலக்காரர்களுக்குப் போதாது. இங்கே ரயில் தாமதம் உண்டு, டிக்கெட் உண்டு, இரண்டு பள்ளிக் காலண்டர் உண்டு.

முதலில் விடுமுறை. "அரையாண்டு விடுமுறையில் பாதி நாள்" என்று எழுதினால் எந்த மாநில விடுமுறை? கர்நாடகத்தில் தசராவுக்கு நீளமான லீவு, ஆந்திராவில் சங்கராந்திக்கு, இங்கே டிசம்பர் கடைசியில் அரையாண்டு லீவு. சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் அதுவும் மாறும். "குழந்தை படிக்கும் பள்ளி வெளியிடும் காலண்டர்படி" என்று எழுத வேண்டும். அந்தக் காலண்டரை வந்த ஒரு வாரத்தில் மற்றவருக்கு அனுப்ப வேண்டும் என்றும் சேருங்கள். பண்டிகையைப் பெயர் சொல்லியே பிரியுங்கள்: தீபாவளி இந்த வருடம் அம்மா, அடுத்த வருடம் அப்பா, பொங்கல் அதற்கு எதிர்மாறு. குடியாத்தம்காரர்கள் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு திருவிழாவை மறக்காமல் எழுதுவது நல்லது. அது கோடை விடுமுறைக்குள் விழுவதால் இரு தரப்பும் அந்த நாளையே கேட்கும்.

பிறகு டிக்கெட். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. அதனால் நீண்ட விடுமுறைத் தேதியை 70 நாளுக்கு முன்பே எழுத்தில் உறுதி செய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டால் தகராறு குறையும். ஐந்து வயது முதல் பன்னிரண்டுக்கு முன் வரை தனி இருக்கை கேட்டால் முழுக் கட்டணம். யார் கட்டுவது என்று எழுதுங்கள். பிள்ளையோடு பயணம் செய்யும் பெரியவரின் திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து எழுதுங்கள், பலரும் விடுவது அதைத்தான்.

ராணுவத்தில் இருப்பவர்கள் வேலூர் பக்கம் அதிகம். அவர்களுக்கு "இரண்டாம் சனிக்கிழமை" என்ற வரி எந்தப் பிரயோஜனமும் இல்லை. "விடுப்பு அனுமதியான பிறகு 15 நாள் முன்னறிவிப்புடன், வருடத்தில் மொத்தம் இத்தனை நாள்" என்று நாள் கணக்காகக் கேளுங்கள்.

வீடியோ அழைப்பைச் சலுகையாக நினைக்க வேண்டாம். 2020இல் யாஷிதா சாஹு வழக்கில், பெற்றோர் வெவ்வேறு மாநிலத்திலோ நாட்டிலோ இருக்கும்போது தொடர்பு உரிமையும் முக்கியம், கஸ்டடி இல்லாதவர் தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் பிள்ளையோடு பேச முடிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவில் இந்த வழக்கைக் குறிப்பிடுங்கள். தினம் என்று வாங்கினால் பள்ளி நாளில் சண்டை வரும் என்று பட்டால், வாரம் நான்கு நாள் இருபது நிமிடம் என்று ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

கோர்ட்டில் கொடுக்கும் வரைவு ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"தந்தை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை காலை 10 மணிக்குக் காட்பாடி ரயில் நிலைய முகப்பில் டிக்கெட் கவுன்ட்டர் எதிரே தாயிடமிருந்து குழந்தையைப் பெற்றுக்கொண்டு, மறுநாள் மாலை 5 மணிக்கு அதே இடத்தில் ஒப்படைக்க வேண்டும். ரயில் தாமதமானால் குறுஞ்செய்தியில் தெரிவித்து 90 நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். ஒப்படைக்கவும் பெறவும் தாய், தந்தை தவிர தாய்வழிப் பாட்டி, தந்தைவழி அத்தை ஆகியோர் மட்டும் வரலாம். குழந்தைக்கு உடல்நிலை சரியில்லை எனில் மருத்துவச் சீட்டின் நகலை அன்றே அனுப்பி, தவறிய சந்திப்பை அடுத்த மூன்று வாரத்துக்குள் ஈடு செய்ய வேண்டும். செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு இரவு 7.30 முதல் 7.50 வரை வீடியோ அழைப்பு. அழைப்பின்போது குழந்தை தனியாகப் பேச விட வேண்டும், பதிவு செய்யக் கூடாது. பள்ளி, மருத்துவமனைப் பதிவுகளில் இருவர் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். கோர்ட் அனுமதியின்றி குழந்தையை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லவோ பாஸ்போர்ட் எடுக்கவோ கூடாது. உத்தரவை நிறைவேற்ற இரு இடங்களிலும் உள்ள காவல் நிலையங்கள் உதவ வேண்டும்."

மாதம் இருமுறை மாநிலம் தாண்டுவது கைக்குழந்தைக்குக் கஷ்டம். மூன்று வயதுக்குள் என்றால் பார்க்க வருபவர்தான் வேலூருக்கு வர வேண்டும், ராத்தங்கல் இல்லாமல் பகல் சந்திப்பு. அப்படி இருக்கும்போது கோட்டைப் பூங்கா, கோயில், தெரிந்தவர் வீடு என்று இடத்தை எழுதுங்கள். ஹோட்டல் அறை வேண்டாம். போலீஸ் ஸ்டேஷன் வாசலை ஒப்படைக்கும் இடமாக வைக்கவே வேண்டாம். பிள்ளைக்கு அப்பாவைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் காக்கிச் சட்டை ஞாபகம் வரும்.

இன்னொன்று: ஜீவனாம்சம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்ட மறுப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் இரண்டுமே தவறு. இரண்டும் தனித்தனி உத்தரவு. ஒன்றை மீறியதற்கு மற்றதைச் சாக்காகக் காட்டினால் நீதிபதி ஏற்க மாட்டார்.

மீறினால்

ஒவ்வொரு சந்திப்புக்கும் முந்தின நாள் ஒரு செய்தி அனுப்புங்கள்: "நாளை காலை 10 மணிக்குக் காட்பாடி ஸ்டேஷனுக்கு வருகிறேன். பாப்பாவுக்கு மருந்து ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தால் சொல்லுங்கள்." கோபம், குத்தல், பழைய கதை எதுவும் வேண்டாம். அந்தச் செய்தி ஒருநாள் அச்சாகி நீதிபதி மேஜைக்குப் போகும் என்று நினைத்தே எழுதுங்கள். பிள்ளை வரவில்லை என்றால் ரயில் டிக்கெட், பிளாட்பார டிக்கெட், நேரம் தெரியும் போட்டோ ஆகியவற்றைத் தேதிவாரியாக வையுங்கள். ஒரு முறை தவறினால் கோர்ட்டுக்கு ஓடாதீர்கள். மூன்று முறை தொடர்ந்து தவறினால் தாமதிக்காதீர்கள்.

உத்தரவு போட்ட கோர்ட்டிலேயே நிறைவேற்று மனு போடலாம். எதிர்த்தரப்பு பெங்களூரில் இருக்கிறார் என்றால் அங்கே உள்ள கோர்ட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். தன் எல்லைக்கு வெளியே இருப்பவர் மேல் நிறைவேற்ற சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று சிவில் நடைமுறைச் சட்டம் 39(4) சொல்கிறது. குடும்ப நலக் கோர்ட் உத்தரவை வேறு குடும்ப நலக் கோர்ட்டுக்கு அனுப்பலாம் என்று 1984 சட்டத்தின் 18ஆவது பிரிவு இருக்கிறது. உத்தரவு தமிழில் இருந்தால் அங்கே யாரும் படிக்க மாட்டார்கள். சான்றிட்ட நகலோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் முதல் நாளே எடுத்து வையுங்கள், நான்கு பிரதி. கன்னடத்திலோ தெலுங்கிலோ உங்களுக்கு எதிராக உத்தரவு வந்தாலும் மொழிபெயர்ப்பு வாங்கிய பிறகே பதில் தயாரியுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் படித்துச் சொன்ன அர்த்தத்தை நம்ப வேண்டாம்.

வேண்டுமென்றே மீறினால் உயர் நீதிமன்றத்தில் அவமதிப்பு மனு உண்டு, மீறல் நடந்த ஒரு வருடத்துக்குள். ஆனால் "மாதம் இரண்டு முறை" என்ற மொட்டை உத்தரவை வைத்து அவமதிப்பு நிரூபிப்பது கடினம். எந்த இரண்டு நாள், எந்த இடம் என்று இல்லாதபோது எதை மீறினார் என்று சொல்வீர்கள்?

மாற்ற வேண்டுமானால்

கஸ்டடி உத்தரவு எப்போதும் கடைசி உத்தரவு இல்லை. 1973இல் ரோஸி ஜேக்கப் வழக்கில், சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. வேலை மாற்றம், மறுமணம், நோய், பிள்ளை வளர்ந்து அதன் விருப்பம் மாறுவது எல்லாம் காரணமாகும். கஸ்டடி உள்ளவர் வேறு மாநிலத்துக்கு வேலை மாறிப் போக வேண்டும் என்றால் போகும் முன் மனு போட்டு அனுமதி வாங்க வேண்டும். போய்விட்டு அனுமதி கேட்பவரைக் கோர்ட் வேறு கண்ணோடு பார்க்கும். மனுவோடு புதிய பள்ளி, வீடு, புதிய சந்திப்பு அட்டவணை மூன்றையும் இணையுங்கள். பழைய பள்ளி டி.சி. தர இழுத்தால், எட்டாம் வகுப்பு வரை டி.சி. தாமதத்தைக் காரணம் காட்டி அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள் சேர்க்கையை மறுக்க முடியாது என்பது கல்வி உரிமைச் சட்டம் 5ஆவது பிரிவு.

குடும்ப நலக் கோர்ட் இறுதி உத்தரவுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். இருதரப்பும் ஒப்புக்கொண்டு வாங்கிய உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. அதனால் சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் அதில் இருக்கும் கிழமை, மணி, ஸ்டேஷன் பெயர் மூன்றையும் ஒரு தடவை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.